தேர்தல் வகுப்புக்கு 110 வெள்ளி கொடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூர்த் தேர்தல்களைப் பற்றிய இந்த வகுப்புகளுக்கு 110 வெள்ளி (டாலர்) கொடுக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் யார் எத்தனை இடம் பிடிப்பார்கள் என்று ஜோசியம் கேட்கப் போகிறவர்கள் அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எந்த எம்பிக்கு யாரோடு தொடர்பு என்ற கதைக்காகப் போகிறவர்களும் அப்படியே. அதெல்லாம் வாட்ஸ்அப்பில் இலவசமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் வகுப்பு நடத்துபவர் சொல்வதைவிட நூறு மடங்கு சுவையாக.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர், தமிழில்தான் பேசுகிறார், இடையிடையே ஆங்கிலம் வரும், எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. மொத்தம் ஐந்து வகுப்பு: பிரசாரம், வாக்கு எண்ணிக்கை, சர்ச்சைகள், இடைத்தேர்தல், வெளிநாட்டுத் தேர்தல்கள். தனித்தனியாகக் கட்டினால் 25 வெள்ளி, சேர்த்துக் கட்டினால் 110. அரசாங்கம் பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்த முடியாது, கேட்டுப் பார்த்தாயிற்று. வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதி நடுவயது, பாலிடெக்னிக் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் அம்மா சொல்லி வந்தது போல உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டிய காசு எனக்குத் திரும்ப வந்தது இடைத்தேர்தல் வகுப்பில்தான், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

பலகையில் மூன்று வரி எழுதினார். ஹவ்காங் 2012. பொங்கோல் ஈஸ்ட் 2013. புக்கிட் பாத்தோக் 2016. மூன்றும் தனித்தொகுதிகள், அதாவது ஒரே ஒரு எம்பி உள்ள தொகுதிகள், மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் காரணத்தால் காலியானவை. ஹவ்காங்கில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் யாவ் ஷின் லியோங்கைச் சொந்த வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று கட்சியே நீக்கியது. பொங்கோல் ஈஸ்ட்டில் அப்போது நாடாளுமன்ற நாயகராகவே (சபாநாயகராகவே) இருந்த மைக்கேல் பால்மர் திருமணத்துக்கு வெளியே தொடர்பு இருந்ததை ஒப்புக்கொண்டு விலகினார். புக்கிட் பாத்தோக்கில் டேவிட் ஓங், தனிப்பட்ட ஒழுக்கக் குறைபாடு என்ற அளவில் சொல்லிவிட்டுப் போனார். பின்னவர்கள் இருவரும் ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக).

எழுதி முடித்துவிட்டு, "எந்தத் தொகுதியில மக்களுக்குக் கோபம் அதிகம்?" என்று கேட்டார். கூட்டம் முழுக்க ஒரே குரலில் பொங்கோல் ஈஸ்ட் என்றது. ஏன் என்றால் அங்கேதான் மசெக தோற்றது, பாட்டாளிக் கட்சியின் லீ லி லியான் 54.50 விழுக்காட்டோடு ஜெயித்தார், தொகுதி கைமாறியது. புக்கிட் பாத்தோக்கில் முரளி பிள்ளை 61.21 விழுக்காடு வாங்கித் தொகுதியைக் காப்பாற்றிவிட்டார், எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சீ சூன் ஜுவான். ஆக பொங்கோல் ஈஸ்ட்டில் கோபம், புக்கிட் பாத்தோக்கில் மன்னிப்பு என்றுதான் நாம் எல்லோரும் இத்தனை வருடமாகக் கோப்பிக் கடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சார் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் முந்தைய பொதுத்தேர்தல் எண்களை எழுதினார். பொங்கோல் ஈஸ்ட்டில் மசெக 2011இல் வாங்கியது 54.54, இடைத்தேர்தலில் 43.73. புக்கிட் பாத்தோக்கில் 2015இல் வாங்கியது 73.02, இடைத்தேர்தலில் 61.21. கழித்துப் பாருங்கள் என்றார். முன்வரிசையில் ஒரு ஆன்டி கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், பொங்கோல் ஈஸ்ட்ல 10.81, புக்கிட் பாத்தோக்ல 11.81" என்று சத்தமாகச் சொன்னார், அறை அப்படியே அடங்கிவிட்டது. இறங்கியது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. சொல்லப்போனால் மன்னிப்பு என்று நாம் நினைத்த இடத்தில்தான் ஒரு புள்ளி கூடுதல் இறக்கம். ஒரு தொகுதியில் மசெகவிடம் 73 இருந்தது, இன்னொன்றில் 54 இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தோற்றாரா ஜெயித்தாரா என்பதை வைத்து மக்கள் மனதை எடைபோடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இந்த ஒரு கழித்தல் கணக்கு போதும். தொலைக்காட்சியில் இரவு முழுக்க விவாதம் பார்த்தாலும் இது கிடைக்காது.

அதோடு விடவில்லை. பொங்கோல் ஈஸ்ட் தோல்விக்கு மக்கள்தொகை வெள்ளை அறிக்கைதான் காரணம் என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் அடித்துச் சொன்னார், மக்கள்தொகை 69 லட்சம் ஆகலாம் என்ற எண்ணைப் பார்த்து மக்கள் கொதித்துப்போய் ஓட்டுப் போட்டார்களாம். சார் பலகையில் இரண்டு தேதியை எழுதினார். வாக்களிப்பு 26 ஜனவரி 2013. வெள்ளை அறிக்கை வெளிவந்தது 29 ஜனவரி 2013. மூன்று நாள் கழித்து வந்த அறிக்கையைப் படித்துவிட்டு யாரும் முன்கூட்டியே ஓட்டுப் போட முடியாது அண்ணே என்றார், அண்ணனும் சிரித்துவிட்டார். வீட்டு விலை, ரயில் கோளாறு, கூட்ட நெரிசல் பற்றிய கடுப்பு முன்பே இருந்தது என்பது வேறு விஷயம், அதை சாரும் ஒப்புக்கொண்டார்.

ஹவ்காங் கதை தனி. 1991இலிருந்து பாட்டாளிக் கட்சி கையில் இருக்கும் தொகுதி. யாவ் 2011இல் வாங்கியது 64.80, அவருக்குப் பதிலாக நின்ற பிங் எங் ஹுவாட் 2012இல் வாங்கியது 62.08. மூன்று புள்ளிகூட இறங்கவில்லை. இதற்கு சார் சொன்ன விளக்கம் இரண்டு. ஒன்று, கட்சியே முந்திக்கொண்டு ஆளை வெளியேற்றிவிட்டது. இன்னொன்று, அங்கே ஓட்டு ஆளுக்கு விழுவதில்லை, சுத்தியல் சின்னத்துக்கு விழுகிறது. இரண்டாவது எனக்குச் சரியாகப் படுகிறது. முதலாவது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை, பால்மரும் ஓங்கும்கூட உடனே பதவி விலகியவர்கள்தானே? இதைக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார், பதில் வரவில்லை. இந்த மனிதரிடம் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம், போகப் போகப் புரியும்.

அடுத்தது சர்ச்சை வகுப்பு. அரங்கம் நிறைந்து நாற்காலி போட்டது இதற்குத்தான், காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரனின் விவகாரம் வரும்போது அறையில் இருந்த அமைதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. நம்மாள் ஒருவர் அமைச்சராக இருந்தார், தீபாவளி ஒளியூட்டுக்கும் பொங்கலுக்கும் மேடையில் பார்த்த முகம், அந்த வருத்தம் கோபமாகவும் இல்லை அனுதாபமாகவும் இல்லை. ஒரு ஆன்டி, "அந்தக் காலத்துல இருந்து பார்த்த பிள்ளை சார், மனசு கேட்கல" என்றார். சார் அதற்கு ஆறுதலும் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை, நேராகக் குற்றப்பத்திரிகைக்குப் போனார். எனக்குப் பிடித்தது.

2023 ஜூலையில் கைது, 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு. மொத்தம் 35 குற்றச்சாட்டுகள். செப்டம்பர் 2024இல் ஐந்தை ஒப்புக்கொண்டார், மீதி முப்பதும் தண்டனை விதிக்கும்போது கருத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒப்புக்கொண்ட ஐந்தில் நான்கு தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு, ஒன்று நீதிக்கு இடையூறு. இந்த 165ஐ விளக்கியதற்காகவே சாருக்கு ஒரு தனிப் பாராட்டு. லஞ்சம் என்றால் இதற்கு இது என்று ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும், அதை நிரூபிக்க வேண்டும். 165க்கு அது தேவையில்லை. அரசாங்கப் பதவியில் இருப்பவர், தன் பதவி வேலையோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து காசு கொடுக்காமலோ போதுமான விலை கொடுக்காமலோ மதிப்புள்ள பொருளை வாங்கிக்கொண்டாலே குற்றம். கார்ப்பந்தய நுழைவுச்சீட்டு, விஸ்கி, பிராம்ப்டன் சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வந்தன, மொத்த மதிப்பு 4 லட்சம் வெள்ளிக்கு மேல். முதலில் போட்டிருந்த இரண்டு ஊழல் குற்றச்சாட்டுகளையும் அரசுத் தரப்பு பின்னால் இந்தப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டது. அரசுத் தரப்பு கேட்டது ஆறிலிருந்து ஏழு மாதம், நீதிபதி கொடுத்தது பன்னிரண்டு மாதம். கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்ததை சார் இரண்டு முறை சொன்னார்.

சரி, இதனால் தேர்தலில் என்ன ஆனது? இங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. ஈஸ்வரன் இருந்தது வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி, அதாவது ஒரே கட்சியின் பலர் அணியாக நின்று சேர்ந்தே ஜெயிக்கும் தொகுதி. 2020இல் மசெக அங்கே 52 விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கித் தப்பிப் பிழைத்தது. அமைச்சர் சிறைக்குப் போன பிறகு 2025இல் வெஸ்ட் கோஸ்ட் - ஜூரோங் வெஸ்ட்டில் சுமார் 60. ஏறியிருக்கிறது! ஆனால் பெயரைப் பாருங்கள், தொகுதியே வேறு, எல்லை மாறிவிட்டது, நாடு முழுக்கவும் மசெக 61.24இலிருந்து 65.57க்கு ஏறியிருந்தது. ஆக அதையும் இதையும் ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அதே ஜூலை 2023இல் நாடாளுமன்ற நாயகர் டான் சுவான் ஜின்னும் மசெக எம்பி செங் லி ஹுயியும் தொடர்பு விவகாரத்தில் விலகினார்கள், அந்தப் பக்கம் பாட்டாளிக் கட்சியில் லியோன் பெரேராவும் நிக்கோல் சியாவும் விலகினார்கள். எம்பிகளாக இருந்த மூவருமே குழுத்தொகுதிக்காரர்கள். குழுத்தொகுதியில் ஒருவர் போனால் இடைத்தேர்தல் கிடையாது. ஆக 2012இல் ஹவ்காங்காருக்கும் 2013இல் பொங்கோல் ஈஸ்ட்காரருக்கும் கிடைத்த வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை, கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்தார்கள். காத்திருந்து என்ன ஆனது? டான் சுவான் ஜின் இருந்த மரின் பரேட்டின் பெரும்பகுதி சேர்ந்த மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸில் எதிர்த்து ஆளே நிற்கவில்லை, போட்டியின்றித் தேர்வு, ஓட்டே இல்லை. செங் லி ஹுயி இருந்த தெம்பனிஸில் மசெக 66.41இலிருந்து 52.02க்கு இறங்கியது. ஆஹா சிக்கியது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 2020இல் எதிரே நின்றது யார், 2025இல் எதிரே நின்றது யார் என்று கேட்டார் சார். முதல் தடவை தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி மட்டும், அடுத்த தடவை பாட்டாளிக் கட்சி உட்பட மூன்று கட்சிகள். எதிராளியே மாறிவிட்டால் இறக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிறகு செங்காங். நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காக 2021இல் விலகிய பாட்டாளிக் கட்சி எம்பி ரயீசா கான் அங்கேதான் இருந்தார். நாடாளுமன்றம் 35,000 வெள்ளி அபராதம் போட்டது. அதே விவகாரத்தில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் பொய் சொன்னதாக, அப்போது அந்தக் கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த பிரித்தம் சிங் மீது வழக்கு, 17 பிப்ரவரி 2025இல் இரண்டு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி. பதவி பறிபோக வேண்டுமானால் ஒரே குற்றத்துக்கு 10,000 வெள்ளியாவது அபராதம் வந்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்து இரண்டரை மாதத்தில் தேர்தல். செங்காங்கில் பாட்டாளிக் கட்சி 52இலிருந்து 56க்கு ஏறியது, பிரித்தம் சிங்கின் அல்ஜுனிட்டில் இரண்டு தேர்தலிலும் 60க்குக் கொஞ்சம் கீழே, அசையவே இல்லை. சர்ச்சை வந்தால் ஓட்டுப் போய்விடும் என்று நாம் எல்லோரும் நம்புவது எவ்வளவு ஆட்டம் காணும் நம்பிக்கை என்று இதைப் பார்த்தால் தெரிகிறது.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்படியானால் செங்காங் மக்கள் ஏன் பொருட்படுத்தவில்லை, உங்கள் கருத்து என்ன சார் என்றால் மனிதர் நழுவுகிறார். தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறார், எண்களைச் சொல்கிறார், கருத்து மட்டும் வாயில் வராது. ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார், சரி, அது நல்ல குணம். ஆனால் 25 வெள்ளி கொடுத்து வருகிறவனுக்கு, முப்பது நாற்பது வருடம் இதையே படித்த ஒருவர் தன் ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டாவது பகிர்ந்துகொள்ளலாம். ஜாக்கிரதைக்கும் ஒரு அளவு இருக்கிறது.

இதே ஜாக்கிரதைதான் வாக்கு எண்ணிக்கை வகுப்பில் தங்கமாக மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். யீஷூனிலிருந்து வரும் அங்கிள் ஒருவர் கேட்டது இது: "சார், போன தேர்தல்ல நம்ம இந்தியர் ஓட்டு எந்தப் பக்கம் சாஞ்சுது?" இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாத ஆளை நான் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. டாக்சி ஓட்டுநர் சொல்வார், முடிதிருத்துபவர் சொல்வார், என் மைத்துனர் விழுக்காட்டோடு சொல்வார். சார் சொன்னது: "யாருக்கும் தெரியாது ஐயா. தெரிஞ்சுக்கிற வழியும் இல்ல."

ஏன் என்று விளக்கினார். தேர்தல் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை கருத்துக்கணிப்பு வெளியிடக் கூடாது. வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டு வெளியிடும் கணிப்புக்கும் தடை. முடிவு தொகுதிவாரியாக வருகிறதே தவிர இனவாரியாக வருவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளிலோ இன ஒதுக்கீடு இருக்கிறது, ஒவ்வொரு புளோக்கிலும் எல்லோரும் கலந்து இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் மாதிரி இந்தத் தெரு இன்ன சாதி, இந்தப் பூத்தில் இத்தனை ஓட்டு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. மக்கள்தொகையில் இந்தியர் ஒன்பது விழுக்காடு. 2023 அதிபர் தேர்தலில் தர்மன் 70.4 விழுக்காடு வாங்கினார், அதை நம் ஓட்டு என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும், ஒன்பது விழுக்காடு அத்தனையும் சேர்ந்து போட்டாலும் மிச்சம் அறுபது எங்கிருந்து வந்தது? 1981இல் ஆன்சன் தொகுதியில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் ஜெயித்ததும் அப்படித்தான். அங்கிள் விடவில்லை, "இருந்தாலும் ஒரு உத்தேசமா..." என்று இழுத்தார். உத்தேசம் சொன்னால் நாளைக்கு அது உங்கள் வாட்ஸ்அப்பில் புள்ளிவிவரமாகிவிடும் என்றார் சார். அறை சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை.

மாதிரி வாக்கு எண்ணிக்கை பற்றிய பகுதியும் அருமை. இரவு பத்து மணி வாக்கில் தேர்தல் துறை அறிவிக்குமே, அது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் குருட்டாம்போக்கில் 100 சீட்டு எடுத்து எண்ணுகிறார்கள், அந்த நிலையத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதற்கு ஏற்ப எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். 100 தடவைக்கு 95 தடவை உண்மை முடிவு அதற்கு மேலே கீழே 4 புள்ளிக்குள் விழும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று யாரோ சொன்னதும், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் பதம், அடிப்பிடித்த பக்கமாக எடுத்தால் வேறு கதை என்றார், அதற்குத்தான் எல்லா நிலையத்திலிருந்தும் எடுக்கிறார்களாம். 2025இல் ஜாலான் காயு தொகுதியில் மசெகவின் இங் சீ மெங் 51.47, எதிரே பாட்டாளிக் கட்சியின் ஆண்ட்ரே லோ 48.53. இந்த மாதிரி ஒரு தொகுதியில் மாதிரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது என்பது இப்போது புரிகிறது. இந்த முறை பொதுத்தேர்தலில் 2015இலிருந்துதான் அறிவிக்கப்படுகிறது, அதற்கு முன்னால் நள்ளிரவு வரை வதந்திதான் ராஜா.

பிரசார வகுப்பு சுமார். அதாவது விஷயம் இருக்கிறது, அடுக்கியது சரியில்லை. அமெரிக்காவில் 1998இல் நியூ ஹேவனில் ஜெர்பர், கிரீன் என்ற இருவர் செய்த கள ஆய்வு, வீட்டுக்கு நேரில் போய்க் கதவைத் தட்டிப் பேசினால் ஓட்டுப் போட வருகிறவர்கள் கூடுகிறார்கள், தொலைபேசியில் கூப்பிட்டால் பலன் இல்லை என்று காட்டியது. 2018இல் கல்லா, புரூக்மன் என்ற இருவர் 49 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுத்தேர்தலில் பிரசாரம் ஒருவர் மனதை மாற்றி ஓட்டை மாற்றுவது சராசரியாகப் பூஜ்யம் என்றார்கள். நம் ஊரில் வாக்களிப்பு கட்டாயம், 90 விழுக்காட்டுக்கு மேல் வந்துவிடுகிறார்கள், வராவிட்டால் பட்டியலில் பெயர் போய்விடும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆக முதல் ஆய்வு சொல்லும் பலன் இங்கே அனேகமாக இல்லை. இரண்டாவது ஆய்வு சரியென்றால் மனதையும் மாற்ற முடியாது. அப்படியானால் புளோக் புளோக்காக, மாடி மாடியாக ஏறி இறங்குகிறார்களே, எதற்கு? இந்த அழகான கேள்வியை எழுப்பிவிட்டு, ஒரு வாக்காளருக்கு 4 வெள்ளியாக இருந்த செலவு உச்சவரம்பு 2025இல் 5 வெள்ளி ஆனது, வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகை 13,500 வெள்ளி, போலிக் காணொளிகளுக்குத் தடைச் சட்டம் 2024இல் வந்தது என்று தகவல் மழையில் இறங்கிவிட்டார். கேள்வி அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் சொல்லாத என் பதில்: மனதை மாற்ற இல்லை, அடுத்த ஐந்து வருடம் எம்பியைப் பார்க்கப் போகும்போது முகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

கட்சிகளின் தமிழ் ஒளிபரப்பை ஓடவிட்டுக் காட்டியது மட்டும் அந்த வகுப்பில் கலகலப்பு. நான்கு மொழியிலும் நேரம் கிடைப்பதால் கட்சிகள் யாரையாவது தமிழில் பேச வைக்கின்றன. சிலர் படிப்பதைக் கேட்டால் அவர்களுக்கே அது என்ன மொழி என்று தெரியுமா என்ற சந்தேகம் வரும். ஆனால் தடுமாறியாவது படித்தார்களே என்று பக்கத்தில் இருந்த டீச்சர் சொன்னார், அதுவும் நியாயம்தான்.

வெளிநாட்டு வகுப்பைத் தவிர்த்துவிடலாம். வாட்டர்கேட்டில் தொடங்கி, கிளின்டன் விவகாரம் கொழுந்துவிட்டு எரிந்த 1998 நவம்பரில் அவர் கட்சி கீழவையில் ஐந்து இடம் கூடுதலாகப் பிடித்தது, 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டில் குற்றவாளியான டிரம்ப் அதே நவம்பரில் ஜெயித்தது என்று ஓடி, மலேசியாவில் 2018இல் பிரதமர் நஜிப்பின் கூட்டணி 61 வருட ஆட்சியை இழந்ததற்கு வந்து, அதே தேர்தலில் நஜிப் தன் பெக்கான் தொகுதியில் ஜெயித்தார் என்ற ருசியான இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விட்டார். தமிழ்நாட்டுக்கு வரும்போது பத்து நிமிடம்தான் மிச்சம். 1996இல் ஜெயலலிதா பர்கூரில் தோற்று, கட்சி நாலே இடத்தில் ஜெயித்து, 2001இல் திரும்ப ஆட்சிக்கு வந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஆளாளுக்குக் கை தூக்கிவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேள்வி என்று தொடங்கி வளர்ப்பு மகன் திருமணத்தை நேரில் பார்த்தது போல வர்ணித்தார். அதற்கே ஒரு தனி வகுப்பு வைக்கலாம், நான் பணம் கட்டத் தயார்.

இனி சேவை. இதில்தான் நட்சத்திரம் குறைக்கிறேன். வகுப்பைப் பதிவு செய்து அனுப்புவோம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. லிங்க் வந்தது, திறந்தால் காலாவதி. ஏற்பாட்டாளருக்கு எழுதினால் இரண்டு நீலக் குறி விழும், பதில் விழாது. பேநவ்வில் கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஸ்லைடுகளில் எழுத்து எறும்பு அளவு, எண்களைப் பற்றிய வகுப்பில் எண்ணே தெரியாவிட்டால் என்ன செய்வது? பாதிப் பேர் எழுந்து போய்ப் படம் பிடித்துவந்து பெரிதாக்கிப் பார்த்தார்கள். அப்புறம் கேள்வி நேரத்தைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. மைக்கை வாங்கினால் திருப்பிக் கொடுக்காத சிலர் எந்தக் கூட்டத்திலும் உண்டு, அவர்களிடமிருந்து பிடுங்கத் தெரிந்த ஒருவரை அங்கே நிற்க வைக்க வேண்டும். இடைவேளையில் தருகிற தே (டீ) நன்றாக இருக்கிறது, கறி பஃப் ஆறிப்போனது. மின்தூக்கி கிடையாது, படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கட்சிக்காரர்களாக வந்து உட்கார்ந்து தன் பக்கம் பேசவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. சாருக்கு அது பெருமை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மொத்தமாக 110 வெள்ளி கட்ட மனமில்லையென்றால் இடைத்தேர்தலுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் மட்டும் 50 வெள்ளி கட்டிப் போய்வாருங்கள். சர்ச்சை வகுப்பு மூன்றாவது. ஏர்கானுக்கு நேர்கீழே இருக்கும் நடு வரிசையில் உட்காராதீர்கள், கையில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் நீலக் குறிதான்.